துரைசானியம்மாவின் மூன்றில் ஒரு பங்கு

வெல்டன் துரை செத்த எட்டாம் நாள் உயிலைப் படித்தார்கள். சமையற்காரி கெஸ்ஸி அப்போது கணப்புக்கு விறகு வைக்கிற சாக்கில் கூடத்தில் நின்றிருந்தாள். சாக்குதான், தீ நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. பதினெட்டு வருஷம் ஒரு வீட்டுக்கு ஆக்கிப் போட்டவளுக்கு, எந்தப் பேச்சைக் கேட்க எந்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அத்துப்படி.

படித்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டஸ் துரை. ஜில்லா கோர்ட்டில் நீதிபதியாக உட்காருகிறவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஆற்றங்கரையிலிருந்து பைன் காடு வரைக்கும் உள்ள புகையிலை நிலம், வீடு, மாடு, குதிரை, அடிமை ஆட்கள் ஐம்பத்து நாலு பேர், எல்லாம் மகன் மைல்ஸுக்கு. கட்டிக் கொடுத்த மகள் ஜூடித்துக்கு ஏற்கெனவே போட்ட சீரே போதும். மருமகள் அரபெல்லாவுக்குப் பணிப்பெண்ணாக லெட்டி என்கிற சிறுமி. இரண்டாம் தாரம் டோரதிக்குக் கிழக்கறை, அதிலுள்ள இறகு மெத்தைக் கட்டில், சாம்பல் நிறப் பெண் குதிரை ஒன்று, சாகும்வரை மேஜையில் சாப்பாடு, கணப்புக்கு விறகு. அவ்வளவுதான்.

டோரதியம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையை ஆட்டினாள். கெஸ்ஸி கையிலிருந்த விறகுக்கட்டையைத் தீயில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். லெட்டி அவளுடைய மகள். பத்து வயசு.

ஜூடித்துக்குப் போன சீர் என்றார்களே, அதில் கெஸ்ஸியின் மூத்தவன் டேனியலும் ஒருத்தன். வெள்ளிக் கரண்டிகளோடும் படுக்கை விரிப்புகளோடும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அன்றைக்குக் கெஸ்ஸி அழுதாள், கெஞ்சினாள், துரையின் பூட்ஸைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள். துரை காலை உதறிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் பையனைப் பற்றி ஒரு தாக்கலும் இல்லை. இந்தத் தடவை அழுவதில்லை, யார் காலையும் பிடிப்பதில்லை, ஆனால் பிள்ளையைக் கொடுப்பதும் இல்லை என்று அந்தக் கணப்புக்கு முன்னால் நின்றே முடிவு செய்துகொண்டாள். எப்படி என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

அரபெல்லாவின் அப்பாவுக்குத் தெற்கே கரோலினாவில் நெல் வயல்கள். சதுப்பு நிலம், முழங்கால் சேறு, வருஷா வருஷம் காய்ச்சல். அங்கே போன சனம் திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கெஸ்ஸி கேட்டதில்லை. இந்த வருஷத்துப் புகையிலை பீப்பாயில் ஏறியதும், கிறிஸ்துமஸ் கழித்து, மைல்ஸும் அரபெல்லாவும் இளசான ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு அங்கே போவதாக ஏற்பாடு. இங்கே வர்ஜீனியாவில் இருக்கிற நிலத்தை ஒரு கங்காணி பார்த்துக்கொள்வான். கெஸ்ஸிக்கு நாற்பது நெருங்குகிறது, அவள் இங்கேயே கிடக்கலாம்.

இதை லெட்டியிடம் அவள் சொல்லவில்லை. ஆனாலும் லெட்டிக்கு எல்லாம் தெரியும். அந்த வீட்டில் சுவருக்கே காது உண்டு, லெட்டிக்கு அதைவிட நீளமான காது.

"கரோலினாவுல முதலை இருக்காமே? அரபெல்லா சின்னம்மா சொன்னாங்க" என்றாள் ஒருநாள், பட்டாணி உரித்துக்கொண்டே.

"நீ எதுக்கு அதையெல்லாம் கேக்குற?"

"முதலை மனுசங்களைத் திங்குமா?"

"உன்னைத் தின்னா வயித்துக்குள்ளயும் வாய் ஓயாம பேசுவேன்னு பயந்து துப்பிடும். உரி."

லெட்டி சிரித்தாள். கெஸ்ஸியும் சிரித்தமாதிரி காட்டிக்கொண்டாள்.

ஜூன் மாசத்தில் ஒருநாள் வழி தெரிந்தது. மைல்ஸிடம் குதிரை வாங்குகிற விஷயமாகப் பெட்டஸ் துரையும் அவர் மைத்துனரும் வந்திருந்தார்கள். மைல்ஸ் லாயத்திலிருந்து வருகிற வரைக்கும் வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கெஸ்ஸி மோர் கொண்டுவந்தாள். அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. எதற்கு நிறுத்த வேண்டும்? மோர்க்குவளை எதிரே பேச யாராவது கூச்சப்படுவார்களா.

"அந்தம்மா பாவம்யா" என்றார் மைத்துனர். "ஒரு அறையும் ஒரு குதிரையும். வெல்டன் இவ்வளவு கஞ்சனா?"

"அந்தம்மா கோர்ட்டுக்கு வந்து, உயில்ல எனக்கு விட்டது வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் பெட்டஸ் துரை. "நிலத்துல, ஆள்ல, எல்லாத்துலயும் மூணுல ஒரு பங்கு. அவங்க மூச்சு இருக்கிற வரைக்கும் அவங்களுது. செத்தப்புறம் பையனுக்குத் திரும்பிடும். ஆனா ஒம்பது மாசத்துக்குள்ள வந்து சொல்லணும். ஒரு நாள் தப்பினாலும் போச்சு. என் தங்கச்சி அப்படித்தான் கோட்டை விட்டா. வருஷம் முடியிற வரைக்கும் கறுப்பைக் கட்டிக்கிட்டு வெளியே வரமாட்டேன்னு உக்காந்துட்டா. துக்கத்துக்கு ஒரு வருஷம், சட்டத்துக்கு ஒம்பது மாசம். பொம்பளைங்க ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுக்கிறாங்க."

"நீங்க போய்ச் சொல்றதுதானே?"

"நமக்கெதுக்கு வம்பு. அவங்க கேக்கல. மைல்ஸ் எனக்குக் குதிரை விக்கிறான்."

கெஸ்ஸி இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். சமையற்கட்டு வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். வெல்டன் துரை பிப்ரவரிக் கோர்ட்டுக்குப் போய் மழையில் நனைந்து வந்து, சளி பிடித்து, இரண்டாம் நாள் செத்தவர். மாசத்துக்கு ஒரு கோர்ட், மூன்றாவது வியாழக்கிழமை. ஒன்பது மாசக் கணக்கைப் பெண்பிள்ளைக்கு யார் சொல்லித் தரவேண்டும்? நவம்பர்க் கோர்ட்தான் கடைசி. அதற்குப் பிறகு இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆக, ஒரு துரைசானியை வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டும். அதுவும் எப்பேர்ப்பட்ட துரைசானி? இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினாலு வருஷமாக ஒரு முடிவையும் தானாக எடுக்காதவள். கோழிக்கறியா மீனா என்று கேட்டால்கூட "துரை என்ன சொல்றார்?" என்று கேட்டவள்.

முதலில் சாவியை வைத்து முயன்றாள் கெஸ்ஸி. இறைச்சிக்குப் புகை போடுகிற கொட்டிலின் சாவி, சர்க்கரைப் பெட்டிச் சாவி, துணி அலமாரிச் சாவி, எல்லாம் டோரதியம்மா இடுப்பில் தொங்கியவை. ஜூலை மாசத்துக்குள் ஒவ்வொன்றாக அரபெல்லாவின் இடுப்புக்கு மாறிவிட்டன. டோரதியம்மா தேநீருக்குச் சர்க்கரை கேட்டால், கெஸ்ஸி கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

"சின்னம்மாவைக் கேட்டுட்டு வரேம்மா."

"ஒரு துண்டுச் சர்க்கரைக்கா?"

"ஒரு துண்டானாலும் கேக்கணும்னு உத்தரவும்மா."

பொய்தான். அரபெல்லா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கெஸ்ஸி மேஜையில் பரிமாறும்போதும் டோரதியம்மாவுக்குக் கடைசியில்தான் கொண்டுபோனாள். கோழியில் கழுத்தும் முதுகெலும்பும் மிச்சமிருக்கும். வேண்டுமென்றே செய்தாள், அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அந்தம்மாவின் முகத்தில் சுருக்கென்று ஏதாவது தைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்டில் தைத்தது. "இந்த வீட்ல நான் விருந்தாளியாடீ கெஸ்ஸி?" என்று டோரதியம்மா கிழக்கறையில் தலை வாரிவிடும்போது கேட்டாள்.

"விருந்தாளின்னா ஒரு வாரத்துல போயிடுவாங்கம்மா" என்றாள் கெஸ்ஸி. அப்புறம் சீப்பை நிறுத்தாமலே, மோர்க்குவளையோடு கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

டோரதியம்மா கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஸ்ஸிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அந்தம்மா செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் கெஸ்ஸிக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும். நேரே மைல்ஸிடமே கேட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா மைல்ஸ், கோர்ட்டுக்கு ஒம்பது மாசத்துக்குள்ள போகணுமாமே? மூணுல ஒரு பங்குன்னு ஏதோ சொன்னாங்க."

மைல்ஸ் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சிரித்தான். அவனுக்கு நல்ல சிரிப்பு. "அதெல்லாம் ஒரு வருஷம்மா. அப்பா போன துக்கத்துல இருக்கிற உங்களைப் போய், அந்தக் குடிகாரக் கூட்டத்துல நிக்க வைப்பாங்களா? சட்டம் போட்டவனும் தாய் வயித்துல பொறந்தவன்தானே. யார் சொன்னது உங்களுக்கு?"

கெஸ்ஸி சுவரோரமாகத் தட்டோடு நின்றிருந்தாள். டோரதியம்மா அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஏதாவது ஒரு பேர் சொல்லியிருக்கலாம். பாதிரியார் வீட்டம்மா என்று சொல்லியிருக்கலாம்.

"கெஸ்ஸிதான் ஏதோ காதுல விழுந்துச்சுன்னா" என்றாள்.

மறுநாள் காலையில் கெஸ்ஸி புகையிலைக் காட்டில் நின்றாள். சமையலுக்கு அரபெல்லா தன் ஆளை வைத்துக்கொண்டாள். லெட்டி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டாள், சின்னம்மாவுக்கு விசிறி வீச. பத்து வருஷத்தில் முதல்முறையாக மகள் ஓரிடத்திலும் தான் ஓரிடத்திலுமாகக் கெஸ்ஸி படுத்தாள்.

காட்டு வேலையை அவள் பதினெட்டு வருஷம் முன்னால் விட்டது. இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. கிழவன் மிங்கோ அவளுக்குப் பக்கத்து வரிசையில் இலைப்புழு பொறுக்கிக்கொண்டே வம்புக்கு இழுப்பான்.

"என்ன கெஸ்ஸி, வக்கீலம்மா? கோர்ட்டு எப்போ?"

"நவம்பர்ல."

"நான் கிண்டல் பண்றேன். நீ தேதி சொல்றியே."

"நான் கிண்டல் பண்ணல."

மிங்கோ அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு புழுவை நசுக்கினான். "சவுக்கு பாத்த முதுகு எனக்கு. நான் சொல்றதைக் கேளு. விட்டுடு."

"புள்ளையையா?"

மிங்கோ அடுத்த செடிக்கு நகர்ந்தான். அவன் மகளும் பேரனும் கரோலினாவுக்குப் போகிற பட்டியலில் இருந்தார்கள்.

செப்டம்பரில் செடியை வெட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டார்கள். அக்டோபர் போயிற்று. கெஸ்ஸி ஒவ்வொரு கோர்ட் நாளன்றும் துரைமார் குதிரையேறிப் போவதைப் பார்த்து எண்ணிக்கொண்டாள். கிழக்கறை ஜன்னலில் கறுப்பு உடுப்பு உட்கார்ந்தே இருந்தது. வீட்டுக்குள் நுழைய அவளுக்கு அனுமதி இல்லை. லெட்டி ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருகிறபோது வீட்டுச் சேதி கொண்டுவந்தாள்.

"பெரியம்மா ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குறாங்க. புதுச் சமையக்காரி, அந்தக் கரோலினாக்காரி, எல்லாத்துலயும் மிளகா அள்ளிப் போடுறா. பெரியம்மாவுக்கு வயித்துவலி. கெஸ்ஸியைக் கூப்பிடுங்கன்னு கேட்டாங்க. சின்னம்மா முடியாதுன்னுட்டாங்க."

"என்ன வார்த்தை சொன்னாங்க? அப்படியே சொல்லு."

லெட்டி முதுகை நிமிர்த்தி, மூக்கைத் தூக்கி, அரபெல்லாவாகவே ஆகிவிட்டாள். "'ஆளை மாத்துறது உங்க வேலை இல்லையேம்மா. உங்களுக்குச் சாப்பாடு வருது, விறகு வருது. உயில்ல அவ்வளவுதானே இருக்கு.'"

"பெரியம்மா?"

"தட்டைத் தள்ளிவிட்டுட்டு எழுந்து போயிட்டாங்க."

கெஸ்ஸி மகளின் கன்னத்தைத் தடவினாள். "அடுத்த தடவை அவங்களுக்கு வயித்துவலி வரும்போது, எங்கம்மா கஞ்சி வச்சா கேக்கும், அவங்க கொட்டில்ல இருக்காங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மழை ஈரத்தில்தான் காய்ந்த புகையிலை நொறுங்காமல் வளையும். அதனால் எல்லாரும் கொட்டிலில் உட்கார்ந்து தண்டிலிருந்து இலையை உரித்துக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, மத்தியானத்துக்கு முன்னால், கொட்டில் வாசலில் டோரதியம்மா வந்து நின்றாள். பாவாடை ஓரமெல்லாம் சேறு. அந்தம்மா கொட்டிலுக்குள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. கங்காணி பதறி எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"கெஸ்ஸிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றாள். "வயித்துக்கு மருந்து கேக்கணும்."

கெஸ்ஸி எழுந்து வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் புகையிலைப் பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது. டோரதியம்மா இளைத்துப் போயிருந்தாள். கழுத்தில் தோல் தொங்கியது.

"எனக்குச் சமைக்க உன்னைக் கூப்பிடக்கூட எனக்கு வழி இல்லையாம்டீ."

"இல்லம்மா. உயில்ல இல்ல."

"நீயும் அதையே சொல்லாத."

"நான் சொல்லலம்மா, காகிதம் சொல்லுது." கெஸ்ஸி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னிக்குச் செவ்வாய். நாளன்னிக்குக் கோர்ட்டு. அதுதான் கடைசி. சின்னய்யா ஒரு வருஷம்னு சொன்னது உங்களுக்காக இல்ல, அவருக்காக. நம்பலேன்னா பெட்டஸ் துரை வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் கேளுங்க. ஒம்பது மாசம் முடிஞ்சதும் சட்டம் உங்களுக்குக் குறுக்க கதவைச் சாத்திடும். அப்புறம் இந்த மிளகாய்ச் சோறுதான், சாகுற வரைக்கும்."

"வருஷம் முடியாம எப்படிடீ? விதவை, அத்தனை ஆம்பளைங்க மத்தியில... ஊர் என்ன பேசும்?"

"ஊர் உங்களுக்குக் கஞ்சி வச்சுக் கொடுக்குதாம்மா?"

கெஸ்ஸி விடவில்லை. ஐந்து மாசமாக மனசுக்குள் உருட்டி வைத்திருந்ததை இப்போது கொட்டினால்தான் உண்டு.

"மூணுல ஒரு பங்கு கெடைச்சா, என்னைக் கேட்டு வாங்கிக்குங்க. காலையில கோழி ரசம், மத்தியானம் பஞ்சு மாதிரி ரொட்டி. நான் உங்களுக்குச் செஞ்சு போடுறேன். ஆனா லெட்டியும் என்கூட வரணும்."

"என்கிட்டயே பேரம் பேசுறியா நீ?"

"பேரம் இல்லம்மா. புள்ளை கரோலினாவுல, நான் இங்க அடுப்படியிலன்னா, என் கையில உப்பு நிக்காது. அதைச் சொல்றேன்."

கங்காணி இருமினான். டோரதியம்மா கெஸ்ஸியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதினாலு வருஷம் சோறு போட்ட முகத்தை அன்றைக்குத்தான் பார்ப்பவள்போல. அப்புறம் சேற்றில் திரும்பி நடந்தாள். கெஸ்ஸி உட்கார்ந்து இலையை எடுத்தாள். உரித்ததில் முதல் இரண்டு இலையும் கிழிந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் மைல்ஸ் வண்டியைப் பூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டான். மழை நின்றிருந்தது. வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும், டோரதியம்மா லாயத்துக்கு வந்து சாம்பல் குதிரைக்குச் சேணம் கட்டச் சொன்னாள். கங்காணி ஓடி வந்து, சின்னய்யா உத்தரவு இல்லாமல் எந்தக் குதிரையும் வெளியே போகக்கூடாதே என்று இழுத்தான்.

"இது என் குதிரை" என்றாள் டோரதியம்மா. "உயிலைப் படிச்சுப் பாரு. இது ஒண்ணுதான் என்னுது. துணைக்குக் கெஸ்ஸி வருவா."

பதினோரு மைல். டோரதியம்மா ஒருக்களித்த சேணத்தில் கறுப்பு முக்காட்டோடு, கெஸ்ஸி கணுக்கால் சேற்றில் சேணவாரைப் பிடித்துக்கொண்டு. வழியில் இரண்டு தடவை அந்தம்மா குதிரையை நிறுத்தி, "திரும்பிடலாமா கெஸ்ஸி" என்றாள். இரண்டு தடவையும் கெஸ்ஸி காது கேளாதவள் மாதிரி கடிவாளத்தைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மூன்றாம் தடவை அந்தம்மா கேட்கவே இல்லை.

கோர்ட் வளாகத்தில் எப்போதும்போலக் குதிரைப் பேரம், பீச் பழச் சாராயம், கோழிச் சண்டை. கறுப்பு முக்காட்டைக் கண்டதும் பேச்சு அடங்கி, கூட்டம் வழி விட்டது. படிக்கட்டருகே மைல்ஸ் நின்றிருந்தான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நேரே வந்து குதிரையின் கடிவாளத்தில் கை வைத்தான்.

"என்னம்மா இது? உடம்பு சரியில்லாத நேரத்துல. வாங்க, வண்டியில வீட்டுக்குப் போகலாம்." அப்புறம் கெஸ்ஸியைப் பார்த்தான். "உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்."

கெஸ்ஸி அசையவில்லை. கடிவாளத்தின் மறுபக்கத்தை அவள் பிடித்திருந்தாள். விடவும் இல்லை. தோலை உரித்தாலும் விடுவதில்லை என்று நின்றாள்.

"கையை எடு மைல்ஸ்" என்றாள் டோரதியம்மா. "நீ என்கிட்ட ஒரு வருஷம்னு சொன்னே."

நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைல்ஸ் கையை எடுத்தான்.

கெஸ்ஸியை உள்ளே விடமாட்டார்கள். அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பெட்டஸ் துரை. அவர் நாற்காலியில் நெளிந்தார். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"காலஞ்சென்ற வெல்டன் உயில்ல உங்களுக்கு விட்டிருக்கிறதை ஏத்துக்கிறீங்களாம்மா?"

டோரதியம்மா உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. குமாஸ்தா எழுதணும்."

கெஸ்ஸி ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்லு. சொல்லித் தொலை.

"ஏத்துக்கல" என்றாள் டோரதியம்மா. இந்தத் தடவை வெளியே சாராயம் விற்கிறவனுக்கே கேட்டிருக்கும். "எனக்குச் சட்டப்படி வரவேண்டியது வேணும்."

டிசம்பரில் பங்கு பிரிக்க மூன்று துரைமார் வந்தார்கள், கோர்ட் அனுப்பிய அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள். நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். அப்புறம் ஐம்பத்து நாலு பேரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்திவைத்துப் பல்லைப் பார்த்தார்கள், தோளைத் தட்டினார்கள், சின்னக் குழந்தைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். மாட்டுக்கு என்ன செய்வார்களோ அது. கெஸ்ஸி லெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டோரதியம்மாவிடம், வீட்டுக்கு வேண்டிய ஆட்களை முதலில் சொல்லுங்கள், மிச்சத்தை விலைக்குச் சரியாக நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம் என்றார்கள்.

"சமையலுக்குக் கெஸ்ஸி" என்றாள் டோரதியம்மா. "அவ மக லெட்டி."

மைல்ஸ் முன்னால் வந்தான். "லெட்டியை அப்பா பேர் சொல்லி அரபெல்லாவுக்குக் கொடுத்திருக்கார்."

"விதவை பங்கு முதல்ல போகும்" என்றார் மூவரில் மூத்தவர். "மிஞ்சினதுக்குத்தான் உயில்."

மைல்ஸ் குரலை மாற்றினான். சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "சரிம்மா, சண்டை எதுக்கு. இந்தச் சுண்டைக்காயை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? அவளுக்குப் பதிலா பீட்டரை எடுத்துக்குங்க. ஏர் ஓட்டுவான், தச்சு வேலை தெரியும். ரெண்டு மடங்கு பெறுவான். அரபெல்லாவும் சந்தோசப்படுவா. நமக்குள்ள மனக்கசப்பு வேணாம்."

டோரதியம்மா பீட்டரைப் பார்த்தாள். அகலமான தோள். அவள் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தது. பதினாலு வருஷம் பார்த்த பழக்கம் அது. அந்தம்மா விட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று அர்த்தம். வரிசையில் நிற்கிற ஆள் வாயைத் திறந்தால் சவுக்கு.

"அம்மா" என்றாள் கெஸ்ஸி, ரொம்பப் பணிவாக. "சாயங்காலத்துக்கு என்ன சமைக்கட்டும்?"

முற்றம் திகைத்துப் போயிற்று. மைல்ஸ் திரும்பினான். டோரதியம்மாவின் விரல் நின்றது. கெஸ்ஸி தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேரே அந்தம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

"கோழி ரசம்" என்றாள் டோரதியம்மா மெதுவாக. அப்புறம் மூத்தவர் பக்கம் திரும்பினாள். "பீட்டர் வேண்டாம். தாயும் மகளும். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் மைல்ஸும் அரபெல்லாவும் கிளம்பினார்கள். இருபத்து நாலு பேர் வண்டிகளுக்குப் பின்னால் நடந்தார்கள். மிங்கோவின் மகளும் பேரனும் அதில் இருந்தார்கள், பீட்டரும் இருந்தான். மிங்கோ பைன் காட்டு வளைவு வரைக்கும் கூடவே போய்த் திரும்பி வந்தான். ஒரு வாரம் கெஸ்ஸியோடு பேசவில்லை. அவளுக்கும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் காப்பாற்றியது ஒருத்தியை, அதுவும் மற்றவர்களை நினைக்காமல் காப்பாற்றியது. அதை அவள் யாரிடமும் மறுக்கவில்லை. எட்டாம் நாள் மிங்கோ சமையற்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். அவள் ரொட்டி கொடுத்தாள்.

"எத்தனை நாளைக்கு இது?" என்று கேட்டான்.

"அந்தம்மா மூச்சு இருக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் மைல்ஸுக்கு."

மிங்கோ ரொட்டியை மென்றுகொண்டே கிழக்கறைப் பக்கம் பார்த்தான். "அந்தம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்?"

"அம்பத்தாறு" என்றாள் கெஸ்ஸி. அதையும் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஜனவரியில் டோரதியம்மாவுக்கு இருமல் வந்தது. கெஸ்ஸி வெங்காயத்தை வாட்டி நெஞ்சில் கட்டினாள். கம்பளியைச் சூடுபண்ணிக் காலில் சுற்றினாள். ஜன்னல் இடுக்கெல்லாம் கந்தல் வைத்து அடைத்தாள். ஈரத் தரையில் கால் வைக்க விடவில்லை, தோட்டத்தில் உலாவ விடவில்லை. ஒரு கரண்டி ரசத்தைப் பத்துத் தடவை ஊதிக் கொடுத்தாள். பார்க்க வந்த பெட்டஸ் துரைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இப்படி ஒரு விசுவாசத்தை இந்தக் காலத்துல எங்கேம்மா பாக்க முடியும்?" என்றார், கெஸ்ஸி நிற்கிற பக்கம் திரும்பாமலே.

அவர் போனதும் டோரதியம்மா கண் கலங்கியிருந்தாள். தலையணையில் சாய்ந்துகொண்டு கெஸ்ஸியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் புகையிலைப் பிசின் கறை இன்னும் போகவில்லை.

"நீ மட்டும் இல்லேன்னா நான் இந்தக் குளிருக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். நீ என்மேல இவ்வளவு பாசம் வச்சிருக்கேன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாதுடீ."

முற்றத்தில் லெட்டி யாரையோ கேலி பண்ணிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கெஸ்ஸி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். லெட்டிக்குப் பத்து வயசு. இன்னும் இருபது வருஷமாவது வேண்டும். அதற்குள் வேறு ஏதாவது வழி தேடிக்கொள்ளலாம். அதுவரைக்கும் இந்த நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

"போறேன்னு எல்லாம் பேசக்கூடாதும்மா" என்றாள். கரண்டியை எடுத்து ஊதினாள். "வாயைத் திறங்க."